கிடை வேனில் கேஸ் ஃபிரிட்ஜ் பொருத்தலாமா?

“எங்களுக்குச் சிவகங்கை மாவட்டம். தை அறுவடை முடிந்ததும் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கிடை போடப் போய்விடுவோம். ஊர் திரும்ப ஆடி ஆகிவிடும். இந்த வருடம் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதி செய்திருக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் ஊசி போட வேண்டும். வயல்வெளியில் சித்திரை, வைகாசி வெயிலில் மருந்தைப் பாதுகாப்பது பெரிய பாடாக இருக்கிறது. வெளிநாட்டு கேரவன் வண்டியில் இருந்து கழற்றிய கேஸ் ஃபிரிட்ஜ் ஒன்று விலைக்கு வருகிறது. ‘கரன்ட் வேண்டாம், வீட்டு சிலிண்டரை மாட்டி வேன் மூலையில் வைத்தால் போதும், வண்டி ஓடும்போதும் குளிரும்’ என்கிறார் விற்பவர். வாங்கலாமா? வாங்கினால் எப்படிப் பொருத்துவது?”

– சிவகங்கை மாவட்ட வாசகர் ஒருவர்

விற்பவர் சொன்னதில் ஒன்றுதான் சரி. கேஸ் ஃபிரிட்ஜுக்குக் கரன்ட் வேண்டாம். மற்ற மூன்றும் தவறு. வீட்டு சிலிண்டரை அதற்குப் பயன்படுத்தக் கூடாது. வேன் மூலையில் சும்மா கொண்டுபோய் வைக்கக் கூடாது. வண்டி ஓடும்போது அதைக் கேஸில் எரிய விடக் கூடாது.

வாங்குவதற்கு முன் மனதில் வைக்க வேண்டிய விஷயம் இதுதான்: கேஸ் ஃபிரிட்ஜ் என்பது இரவு பகலாக எரியும் ஒரு சின்ன அடுப்பு. வீட்டு அடுப்பைச் சமைத்து முடித்ததும் அணைத்துவிடுவோம். இந்த அடுப்போ, பிள்ளைகள் தூங்கும்போதும் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பொருத்தும்போது செய்கிற ஒவ்வொரு வேலையும் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

நெருப்பில் இருந்து குளிர்ச்சி எப்படி வருகிறது?

மண்பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கேஸ் ஃபிரிட்ஜிலும் நடப்பது அதுதான். பானையில் தண்ணீர் செய்கிற வேலையை இங்கே அம்மோனியா செய்கிறது.

ஃபிரிட்ஜின் பின்பக்கம் அடியில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு சுடர் எரியும். அந்தச் சூட்டில், தண்ணீரில் கரைந்திருக்கும் அம்மோனியா பிரிந்து ஆவியாக மேலே ஏறும். மேலே உள்ள தகடுகளில் ஆறித் திரவமாகும். பிறகு ஃபிரிட்ஜின் உள்பக்கக் குழாய்க்கு இறங்கி, அங்கே இருக்கும் ஹைட்ரஜன் வாயுவோடு சேர்ந்து மறுபடி ஆவியாகும். அப்போதுதான் உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்கிறது. கடைசியில் தண்ணீரிலேயே கரைந்து கீழே வந்து சேரும். மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. 1922-ல் சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் என்ற இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. ஐரோப்பா, ஆஸ்திரேலியா பக்கம் கேரவன்களில் இது பரவலாகப் பயன்பட்டு வருகிறது.

மோட்டார் இல்லாததால் உள்ளே இருக்கும் திரவம் தானாகவே வழிந்து இறங்கியாக வேண்டும். வாய்க்காலில் வாட்டம் தப்பினால் தண்ணீர் தேங்குகிற மாதிரி, ஃபிரிட்ஜ் சாய்ந்தால் திரவம் தேங்கிவிடும். சுடர் மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். குழாய் அளவுக்கு மீறிச் சூடாகி, உள்ளே இருக்கும் துரு தடுக்கும் ரசாயனம் கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு அந்த ஃபிரிட்ஜைச் சரிசெய்ய முடியாது.

முதல் வேலை: மட்டம்

பல மாடல்களுக்குப் பக்கவாட்டில் 3 டிகிரி சாய்வுதான் எல்லை. 60 செ.மீ. அகலத்தில் ஒரு பக்கம் 3 செ.மீ. இறங்கினாலே அந்த எல்லை வந்துவிடும். வேனுக்குள் ஃபிரிட்ஜை வைக்கும் பலகையைக் கொத்தனாரின் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆடாமல் போல்ட் போட்டு இறுக்க வேண்டும்.

வேனுக்குள் மட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. கிடை போடும் வயலில் வேன் நிற்கிற இடமும் மட்டமாக இருக்க வேண்டும். வரப்போரம் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றால், பலகைக் கட்டை கொடுத்துச் சரிசெய்த பிறகுதான் ஃபிரிட்ஜைப் பற்றவைக்க வேண்டும். ரசமட்டம் ஒன்று எப்போதும் ஃபிரிட்ஜின் உள் தட்டிலேயே இருக்கட்டும். வண்டி குலுங்குவதால் அதிகக் கெடுதல் இல்லை. மணிக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதுதான் கெடுதல்.

இரண்டாவது வேலை: வெளிக்காற்று

ஃபிரிட்ஜின் முதுகு வேனின் வெளிச்சுவரைப் பார்த்து இருக்க வேண்டும். அந்தச் சுவரில் இரண்டு திறப்புகள் வெட்டி, மழைநீர் புகாத தடுப்புத் தகடு மாட்ட வேண்டும். கீழ்த்திறப்பு ஃபிரிட்ஜின் அடிமட்டத்தில் இருக்கும். மேல்திறப்பு, பின்னால் உள்ள ஆறும் தகடுகளுக்கு மேலே இருக்கும். கீழே குளிர்ந்த காற்று நுழைந்து, தகடுகளின் சூட்டை வாங்கிக்கொண்டு, மேலே வெளியேறும். திறப்பின் அளவு ஒவ்வொரு மாடலின் குறிப்பேட்டிலும் இருக்கும். ஒப்புக்கு நாலு ஓட்டை போட்டால் பலன் இல்லை.

சுவருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் அதிக இடைவெளி இருந்தால் காற்று தகடுகளைத் தொடாமல் ஒதுங்கிப் போய்விடும். அப்படி இருந்தால், காற்றைத் தகடுகள் பக்கம் திருப்பிவிட ஒரு தடுப்புத் தகடு வைக்க வேண்டும். எரிந்த புகை போகும் குழாய் தனி. அதன் வாய் கட்டாயம் வண்டிக்கு வெளியே இருக்க வேண்டும்.

மூன்றாவது வேலை: உள்ளே அடைப்பு

உயிர் காக்கும் வேலை இதுதான். ஃபிரிட்ஜின் முதுகுப் பக்கம் முழுக்க வெளிக்காற்றோடு சேர்ந்திருக்க வேண்டும். ஆட்கள் படுக்கும் பக்கத்துக்கும் அதற்கும் ஒரு கீற்று இடைவெளிகூட இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜைச் சுற்றிப் பக்கங்களிலும் மேலும் கீழும் மரச்சட்டமோ தகடோ வைத்து, சூடு தாங்கும் பசையால் அடைக்க வேண்டும். புகைக்குழாய் பக்கம் ஃபோம், தெர்மாகோல் எதையும் திணிக்கக் கூடாது. அவை தீப்பற்றும்.

சரியாக அடைத்தோமா என்று பார்க்க இரண்டு சோதனைகள் உண்டு. இரண்டையும் கேஸ் இணைப்பு கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டும். இருட்டிய பிறகு வெளியே இருந்து கீழ்த்திறப்பு வழியாக டார்ச் அடித்து, உள்ளே ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே இடைவெளி இருக்கிறது. அடுத்து, ஃபிரிட்ஜின் ஓரமெல்லாம் ஊதுபத்தியைக் காட்ட வேண்டும். புகை ஓர் இடத்தில் உள்ளே இழுக்கப்பட்டாலோ, தள்ளப்பட்டாலோ அங்கே ஓட்டை இருக்கிறது.

இவ்வளவு கறார் எதற்கு? கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சமையல் கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். அந்த நாற்றம் எச்சரிக்கைக்காகவே சேர்க்கப்படுவது. கார்பன் மோனாக்சைடுக்கு அந்த எச்சரிக்கை கிடையாது. அதனால் வேனுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் வேண்டும். கேஸ் கசிவுக்கான அலாரத்தைத் தரையை ஒட்டி மாட்ட வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் கீழேதான் தேங்கும்.

நான்காவது வேலை: சிலிண்டரும் குழாயும்

14.2 கிலோ வீட்டு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும் என்று கொடுக்கப்படுவது. வேனில் ஃபிரிட்ஜுக்கு மாட்டுவது விதிமீறல். விபத்து நேர்ந்தால் காப்பீடு கிடைப்பதும் சந்தேகம். சிறிய 5 கிலோ சிலிண்டர் பெட்ரோல் பங்க்குகளிலும் கேஸ் ஏஜென்சியிலும் கிடைக்கிறது. அதை வண்டியில் வைத்து இந்த வேலைக்குப் பயன்படுத்தலாமா என்று ஏஜென்சியில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வேனின் அமைப்பை மாற்றுவதற்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி தேவை.

ஃபிரிட்ஜின் கதவு ஓரத்திலோ உள்பக்கத்திலோ ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். அதில் கேஸ் அழுத்தம் மில்லிபார் கணக்கில் எழுதியிருக்கும். நம் ஊர் சமையல் கேஸ் ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் கொடுக்கும். லேபிளில் 30 என்று இருந்தால் பொருந்தும். பழைய ஐரோப்பிய ஃபிரிட்ஜ்களில் 50 என்று போட்டதும் உண்டு. அதை இங்கே மாட்டினால் சுடர் சோர்ந்து எரியும், குளிராது. லேபிளே இல்லாத ஃபிரிட்ஜை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

சிலிண்டருக்குத் தனிப் பெட்டி வேண்டும். அதன் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். படுக்கும் பக்கத்தோடு தொடர்பு இருக்கக் கூடாது. பெட்டியின் அடியில் கசியும் கேஸ் வெளியே இறங்க ஒரு துவாரம் வேண்டும். சிலிண்டர் நிமிர்ந்து, பட்டையால் கட்டி நிற்க வேண்டும். சிலிண்டரில் இருந்து கொஞ்ச தூரத்துக்கு மட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ட்யூப், அதற்குப் பிறகு செம்புக் குழாய். குழாய் தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டியின் அதிர்வில் தேய்ந்து ஓட்டை விழும். ஃபிரிட்ஜுக்கு முன்னால் கை எட்டும் இடத்தில் தனி வால்வு ஒன்று வேண்டும்.

இந்த இணைப்பை கேஸ் வேலை தெரிந்த மெக்கானிக்தான் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. சுடர் அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு வால்வு வேலை செய்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சுடரை அணைத்தால் ஓரிரு நிமிடத்துக்குள் ‘டிக்’ என்ற சத்தத்தோடு வால்வு மூட வேண்டும்.

ஓட்டும்போதும் நிறுத்திய பிறகும்

வண்டி கிளம்பும் முன் சுடரை அணைத்து, சிலிண்டர் வால்வையும் மூட வேண்டும். பெட்ரோல் பங்க்கில் எரியும் சுடரோடு போய் நின்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கேரவன் ஃபிரிட்ஜ்கள் பெரும்பாலும் மூன்று விதமாக ஓடும்: கேஸ், வீட்டுக் கரன்ட், 12 வோல்ட் பேட்டரி. ஓடும்போது 12 வோல்ட்டில் போடலாம். என்ஜினை நிறுத்தியதும் அதையும் நிறுத்திவிட வேண்டும். 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் மறுநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது.

பற்றவைத்ததும் குளிராது. 6 முதல் 12 மணி நேரம் பொறுக்க வேண்டும். சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தாலோ கரி படிந்தாலோ அணைத்துவிட்டு பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் சிலந்தி வலை கட்டும், குளவி மண்கூடு வைக்கும். கேஸ் வரும் சின்னத் துளையை ஊசியால் குத்தக் கூடாது. துளை பெரிதாகிவிடும்.

100 லிட்டர் அளவுள்ள ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 300 முதல் 400 கிராம் வரை கேஸ் எரிக்கும். 5 கிலோ சிலிண்டர் இரண்டு வாரம் வரும். கிடைக் காலம் ஆறு மாதம் என்று வைத்தால் 12 அல்லது 13 சிலிண்டர்கள். வாங்கும் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

அப்பாவின் இன்சுலினுக்கு இது சரிவருமா?

கேள்வியின் மையம் இதுதான். கேஸ் ஃபிரிட்ஜ் வெளிச்சூட்டைவிட இத்தனை டிகிரி குறைவு என்ற கணக்கில்தான் குளிரும். பொதுவாக 20 முதல் 25 டிகிரி வரை குறைக்கும். வெளியே 30 டிகிரி இருந்தால் கவலை இல்லை. சித்திரை மத்தியானம் 40 டிகிரி அடிக்கும்போது, தகரம் காயும் வேனுக்குள் இருக்கும் சாதாரண மாடல் 15 டிகிரிக்குக் கீழ் இறங்கத் தடுமாறும். இரவில் வெளியே குளிர்ந்ததும் உள்ளே உறையும் அளவுக்குப் போகலாம். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு தடவை உறைந்துவிட்டால், பிறகு உருகினாலும் அதைப் போடக் கூடாது. ஆக, மருந்துக்காக வாங்கும் ஃபிரிட்ஜ் மருந்தையே கெடுத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது.

ஊசிக்காகத் திறந்து பயன்படுத்தும் இன்சுலினைப் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை ஃபிரிட்ஜ் இல்லாமலே வைக்கலாம். வகைக்கு வகை மாறும் என்பதால் பெட்டியில் உள்ள தாளைப் பார்த்து, மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். அதனால் இந்தக் குடும்பத்துக்குத் தேவைப்படுவது இரண்டு ஏற்பாடுகள். அடுத்த மாதங்களுக்கான மருந்து, கிடை போடும் நிலத்துக்காரர் வீட்டு ஃபிரிட்ஜிலோ, பக்கத்து ஊர் மருந்துக் கடையிலோ இருக்கட்டும். கதவுப்பக்கத் தட்டில் வைத்தால் உறையாது. கையில் வைத்துப் பயன்படுத்தும் ஒரு பாட்டிலை மட்டும், தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் நிழலில் வைக்கலாம். பானைக்குள் ஒரு தெர்மாமீட்டரும் இருக்கட்டும். 30-ஐத் தாண்டும் நாட்களில் அந்தப் பாட்டிலையும் ஊருக்குள் கொடுத்து வைப்பது நல்லது.

வேனிலேயே ஃபிரிட்ஜ் வேண்டும் என்றால், 12 வோல்ட்டில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நல்லது. விலை கூடுதல்தான். ஆனால் சுடர் இல்லை, புகை இல்லை, லேசான சாய்வைத் தாங்கும், வெயிலிலும் குளிரைப் பிடித்து வைக்கும். 40 லிட்டர் ஃபிரிட்ஜுக்கு 200 வாட் சோலார் பேனலும் 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியும் இருந்தால் வெயில் காலத்தில் சமாளிக்கலாம். கிடை போடும் மாதங்களில் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை.

கேஸ் ஃபிரிட்ஜ்தான் என்று முடிவு செய்தால், மட்டம், வெளிக்காற்று, உள்ளடைப்பு, சிலிண்டர் பெட்டி ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் பற்றவைக்க வேண்டாம்.

“குளிராத ஃபிரிட்ஜைத் தலைகீழாக வைத்தால் சரியாகுமா?”

– கொடைக்கானல் மலைத் தோட்ட வாசகர் ஒருவர்

பழைய ஆட்கள் செய்யும் வைத்தியம் இது. சாய்வில் ஓடி, உள்ளே காற்றுக்குமிழி மாதிரி அடைப்பு விழுந்திருந்தால், கேஸை அணைத்துக் கழற்றி, சில மணி நேரம் தலைகீழாக வைத்து, பிறகு ஒரு நாள் நிமிர்த்தி வைத்தால் சில சமயம் ஓடும். ரசாயனம் கட்டிதட்டி அடைத்திருந்தால் பலன் இருக்காது. அதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: தரை மட்டமாக இருக்கிறதா, புகைக்குழாயில் கரி அடைத்திருக்கிறதா, சுடர் நீலமாக எரிகிறதா. பின்பக்கக் குழாயில் மஞ்சள் பொடி படிந்து, மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி அடித்தால் குழாய் ஓட்டையாகிவிட்டது என்று பொருள். உடனே அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். அந்தக் குழாயை வெல்டிங் வைக்கவோ துளைக்கவோ கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைத்த ஹைட்ரஜனும் அம்மோனியாவும்.

“கோழித் தடுப்பூசி மருந்தை கேஸ் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?”

– நாமக்கல் மாவட்ட வாசகி ஒருவர்

வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி மருந்தையும் 2 முதல் 8 டிகிரிக்குள்தான் வைக்க வேண்டும். கேஸ் ஃபிரிட்ஜில் வைத்தால் நடுத்தட்டில் தெர்மாமீட்டர் போட்டு, காலை, மத்தியானம், இரவு என மூன்று வேளையும் ஒரு வாரம் குறித்துப் பார்க்க வேண்டும். எல்லா வேளையும் இந்த அளவுக்குள் நின்றால் வைக்கலாம். நிற்காவிட்டால், ஊசி போடும் நாளில் கால்நடை மருந்தகத்தில் வாங்கி, ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டுவந்து அன்றே போட்டு முடிப்பதுதான் சரி. கெட்டுப்போன தடுப்பூசி பார்வைக்கு நல்லது போலவே இருக்கும். ஊசி போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போதுதான் கோழிகள் சாகத் தொடங்கும்.